சந்தில் நிறுத்த வேண்டிய பெட்டி

சாவு வீட்டுக்குப் போய்த் திரும்பும் ஐஸ் பெட்டியைக் கழுவுவது ஆனந்தமேரியின் வேலை. அண்டா, கரண்டி, ஜமுக்காளம், நாற்காலி எல்லாவற்றுக்கும் கடையில் ஆள் உண்டு. பெட்டிக்கு மட்டும் அவள்தான். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வாளித் தண்ணீரில் டெட்டால் கலந்து, கண்ணாடி மூடியை உள்ளும் புறமும் துடைப்பாள். பிறகு தலைமாட்டு மூலையில் விரலை விட்டுச் சாமந்தி இதழ்களையும் ஊதுவத்திச் சாம்பலையும் வழித்தெடுப்பாள். ஒரு முறை யாருடையதோ பல்செட் கிடைத்தது. அதையும் கழுவி, உறையில் போட்டு, அந்த வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாள். வீட்டுக்காரர்கள் அதை வாங்கிக்கொண்டு என்ன சொல்வதென்று தெரியாமல் காப்பி கொடுத்தார்கள்.

"எங்கிட்ட விட்டா நான் கழுவ மாட்டனாக்கா?" என்று பாத்திரம் துலக்கும் பொன்னழகு கேட்பாள்.

"நீ கழுவுனா கழுவிட்டேன்னு சொல்லுவ. நான் கழுவுனா கழுவியிருக்கும்."

நாகல் நகரில், மாவு மில்லுக்கு அடுத்த கட்டடத்தில் இருக்கிறது ஆரோக்கிய மாதா வாடகை நிலையம். கடையின் பெயர் எல்லாச் சாமான்களிலும் சிவப்புப் பெயிண்டில் எழுதியிருக்கும். ஐஸ் பெட்டிகள் இரண்டிலும் அப்படியே. பெட்டியில் கிடக்கிறவரின் காலடியில் ஆரோக்கியம் என்று எழுதியிருப்பது நன்றாக இல்லை என்று கணவர் சகாயராஜ் இரண்டு முறை சொன்னார். அவர் மின்வாரியத்தில் லைன்மேன். கடை விஷயத்தில் அவருக்கு உள்ள உரிமை அவ்வளவுதான்.

கடை தொடங்குவதற்கு முன் பத்து வருடம் கொடைரோட்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ரிசப்ஷனில் உட்கார்ந்திருந்தாள். அங்கே அவள் ஒரே ஒரு விஷயத்தைத்தான் கற்றுக்கொண்டாள். சத்தம் போடுகிறவருக்கு முதலில் நாற்காலி போட வேண்டும். நின்றுகொண்டு போடுகிற சத்தத்தில் பாதியைத்தான் உட்கார்ந்துகொண்டு போட முடியும். இப்போது அவளிடம் எண்ணூறு நாற்காலிகள் இருக்கின்றன.

கல்யாண வீட்டுக்காரர்கள் வந்தால் முதல் கேள்வியே நாற்காலியைப் பற்றித்தான் இருக்கும். "இதெல்லாம் கடைசியா எங்க போயிட்டு வந்துச்சு?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். ஆனந்தமேரி மறைக்க மாட்டாள்.

"கல்யாணத்துக்கும் போகும், கருமாதிக்கும் போகும். எங்க போனாலும் இதுல உட்காந்தவுக எல்லாரும் உசுரோட இருந்தவுகதான். வேணும்னா உங்க கண்ணு முன்னாடியே கழுவித் தாரேன். செத்த நேரம் உட்காருங்க." அவர்கள் அதே நாற்காலியில் உட்கார்ந்து, கழுவுவதைப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

வேலையாட்களிடமும் அப்படித்தான். பொன்னழகு தன் பெரியப்பாவின் பதினாறாம் நாள் காரியத்துக்கு என்று ஒரே வருடத்தில் இரண்டு முறை லீவு வாங்கினாள். மூன்றாவது முறையும் அதே பெரியப்பாவோடு வந்து நின்றபோது, ஆனந்தமேரி கையிலிருந்த வேலையை வைத்துவிட்டு, "இம்புட்டு நாளும் நான் வராதது தப்பு. இந்தத் தடவை நானும் வாரேன். எத்தனை மணி பஸ்ஸு?" என்று கேட்டாள். பொன்னழகு அன்று போகவில்லை. மறுநாள் கடையில் ஒரு அறிவிப்பு வந்தது. மாதத்தில் ஒரு நாள் யாரும் காரணம் சொல்லாமல் லீவு எடுத்துக்கொள்ளலாம், உறவினர்களைச் சாகடிக்க வேண்டியதில்லை. பொன்னழகு இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு முதல் ஆளாக லீவு எடுத்தாள்.

கடையின் மூத்த ஆள் சங்கிலி. குட்டியானை வண்டி ஓட்டுவார், பந்தல் கட்டுவார், பெட்டியை இறக்கி ஏற்றுவார். ஆனந்தமேரியைவிட நாலு வயது பெரியவர். ஆனாலும் அவளை அக்கா என்பார். அவள் அவரை அண்ணே என்பாள். பதினாலு வருடமாக இருவரில் யாரும் இதை விட்டுக்கொடுக்கவில்லை. இத்தனை வருடமும் சாவு வீடுகளுக்குப் போய்ப் போய்ச் சங்கிலியின் முகம் ஒரு மாதிரி இறங்கி அங்கேயே தங்கிவிட்டது. அதோடு, யார் எதைக் கேட்டாலும் உண்மையை மரியாதையாகச் சொல்லிவிடுவார். அது நல்ல குணம்தான். இந்தத் தொழிலுக்குக் கொஞ்சம் அதிகம்.

வைகாசி மாதம் ஒரு வியாழக்கிழமை காலையில் சிவபிரகாஷ் போன் செய்தான். செம்பட்டியில் தேங்காய் மண்டி வைத்திருந்த தங்கமுத்துவின் மகன். அப்பாவும் மகனும் பின்தெருவில் மாடி வீடு கட்டிக்கொண்டு வந்து எட்டு வருடமாகிறது. அப்பாவை ஆஸ்பத்திரியில் வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்லிவிட்டார்கள் என்றான். குரல் கரகரத்தது.

"மத்தியானத்துக்குள்ள ஆயிரும்கிறாங்கக்கா. பெட்டிய வேற யாருக்கும் குடுத்துறாதீங்க. நாள் சரியில்ல, ஊருல ரெண்டு மூணு எடத்துல ஆயிருக்காம். இப்பவே அனுப்பி வீட்டுக்குப் பக்கத்துச் சந்துல நிப்பாட்டிருங்க. ஆனதும் உள்ள கொண்டாந்துக்கலாம்."

ஆகும் முன் பெட்டியை வெளியே எடுப்பதில்லை என்பது கடையின் வழக்கம். ஆனால் மற்ற பெட்டி செம்பட்டிக்குப் போயிருந்தது. இருந்தது இது ஒன்றுதான். அழுகிற மனிதனிடம் வழக்கத்தைப் பேச அவளுக்கு வாய் வரவில்லை. "சந்துல நிப்பாட்டி, தார்ப்பாய் போட்டு மூடிட்டு, வண்டியிலேயே இருங்கண்ணே" என்று சங்கிலியை அனுப்பினாள்.

சங்கிலி போய்ப் பார்த்தபோது சந்தில் எருமை ஒன்று படுத்திருந்தது. இரண்டு தரம் ஹாரன் அடித்தார். எருமை தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு அசை போட்டது. இன்னொரு தரம் அடித்தால் சாகக் கிடக்கிறவருக்கு இடைஞ்சல் என்று பட்டது. வீட்டுக் கதவு திறந்திருந்தது. முன் கூடத்தில் யாரும் இல்லை, சிவபிரகாஷையும் காணோம். பெட்டியை இறக்கிக் கூடத்தில் வைத்தார். பெட்டி குளிர ஒரு மணி நேரம் ஆகும், வைத்ததும் ப்ளக் மாட்டிவிடுவது அவர் பழக்கம். மாட்டினார். வண்டியில் ஐம்பது நாற்காலி சும்மாதானே கிடக்கிறது என்று அதையும் இறக்கி வாசலில் வரிசையாகப் போட்டார். தெரு முனையிலிருந்தவர்கள் நாற்காலியைப் பார்த்தார்கள். அதற்கு மேல் யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கால் மணி நேரத்தில் எதிர்வீட்டு ஒச்சம்மாள் நெஞ்சில் அடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். கோழிக்கடை வாஜித் ரோஜா மாலையோடு வந்தார்.

பெட்டி ஓடும் சத்தம் கேட்டு உள் அறையிலிருந்து தங்கமுத்து சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தார். எழுபத்தெட்டு வயது. மூன்று நாளாகக் கண் திறக்காதவர். கூடத்தையும் பெட்டியையும் பார்த்தார். பிறகு கைகட்டி நின்ற சங்கிலியைப் பார்த்தார்.

"யாருக்குப்பா இது?"

"உங்களுக்குத்தாங்கய்யா" என்றார் சங்கிலி.

ஒச்சம்மாளின் ஒப்பாரி பாதியில் நின்றது. வாஜித் மாலையைக் கையில் வைத்துக்கொண்டு தவித்தார். வாங்கிய மாலையைத் திருப்பிக் கொண்டுபோகவும் மனம் வரவில்லை, கீழே வைக்கவும் கூடவில்லை. கடைசியில் ஏதோ பாராட்டு விழாவுக்கு வந்தவர் மாதிரி அதைத் தங்கமுத்துவின் கழுத்திலேயே போட்டு, கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்.

இரண்டாம் நாள் தங்கமுத்து ரசம் சாதம் கேட்டார். மூன்றாம் நாள் மட்டன் கேட்டார். நாலாம் நாள் காலை பதினோரு மணிக்குத் தடியை ஊன்றிக்கொண்டு ஆரோக்கிய மாதா வாடகை நிலையத்துக்கு வந்தார். ஆனந்தமேரி உடனே நாற்காலி போட்டாள். அவர் உட்கார மறுத்தார்.

"வீடு மாறிக் கொண்டாந்துட்டான்னு எம்மகன் சொல்றான். மனுசன்னா தப்புப் பண்ணுவான், சரி. கேட்டா, ஐயா வீடு மாறிப்போச்சுன்னு சொல்லணுமா வேணாமா? எனக்குத்தான்னு மூஞ்சிக்கு நேரா சொல்றான்மா! அவனை வேலைய விட்டு அனுப்பு. இல்லேன்னா ஆவணியில எம்பேத்தி தமிழ்நிலா கல்யாணத்துக்கு ஒரு கரண்டி இங்கருந்து வராது. எங்க வகையறால ஒருத்தனும் இந்தக் கடைப்படி ஏற மாட்டான்."

"உட்காருங்கய்யா."

"உட்கார மாட்டேன். உட்கார வச்சே பேசி அனுப்பிருவன்னு கேள்விப்பட்டிருக்கேன்."

சங்கிலி பின்னால் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தார். அவர் கை நின்றது. இரண்டு பெண் பிள்ளைகள் காலேஜில் படிக்கிறார்கள். ஐம்பத்தொரு வயதில் அந்த முகத்தை வைத்துக்கொண்டு வேறு எங்கே போய் வேலை கேட்பது?

அன்று சாயங்காலமே சிவபிரகாஷ் தனியாக வந்தான். கடையின் உள் அறையில், பெரிய அண்டாக்களுக்கு நடுவில் உட்கார்ந்து, தரையைப் பார்த்துப் பேசினான்.

"நான்தான் பெட்டி சொன்னேன்னு தெரிஞ்சா அவரு தாங்க மாட்டாருக்கா. வீடு மாறிப்போச்சுன்னு சொல்லிட்டேன். நீங்க சங்கிலிய மூணு மாசம் மட்டும் நிப்பாட்டி வைங்க. கல்யாணம் முடியட்டும். அந்த மூணு மாசச் சம்பளத்த நானே குடுத்துர்றேன்."

"சம்பளம் நான் குடுப்பேன் தம்பி. பேர யாரு குடுப்பா? தெரு பூரா, வீடு தெரியாதவன்னு ஆயிருச்சே அவருக்கு." ஆனந்தமேரி அவனுக்குத் தண்ணீர் கொடுத்தாள். "ஆஸ்பத்திரியில சொன்னாக, நீங்க பெட்டி சொன்னீங்க. அதுல தப்பு ஒண்ணும் இல்ல, எத்தனையோ பேரு சொல்லி வைக்கிறாக. நீங்க எங்கிட்டச் சொன்னதை நான் உங்கப்பாகிட்டச் சொல்ல மாட்டேன். ஆனா நீங்க அவருகிட்டச் சொல்லாததுக்காக எங்கண்ணன வெளியேத்தவும் மாட்டேன். அடுத்த ஞாயித்துக்கிழமை வரைக்கும் டைம் தாரேன். நீங்களே சொல்லிருங்க."

சங்கிலியையும் அவள் விடவில்லை. "சந்துன்னா சந்துதான்ணே. எருமை படுத்திருந்தா எனக்குப் போன் பண்ணணும். நாற்காலி போடச் சொல்லி யாரு சொன்னா? இந்த மாசம் பூரா நீங்க சாவு வீட்டுப் பக்கம் போக வேணாம். கல்யாண வீட்டு வேலை மட்டும்தான்." கோபம் வந்தால் ஆனந்தமேரிக்கு மரியாதை கூடும். அன்று அவள் பேச்சில் ஏகப்பட்ட மரியாதை இருந்தது.

தண்டனை சங்கிலியைவிடக் கல்யாண வீடுகளைத்தான் அதிகம் வாட்டியது. முதல் கல்யாணத்திலேயே மணப்பெண்ணின் தாய் போன் செய்தாள். "ஏங்க, உங்க ஆளு பந்தல் காலைப் பிடிச்சுக்கிட்டு அழுகுற மாதிரியே நிக்கிறாரு. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க, என்ன சங்கதின்னு கேக்குறாங்க." இரண்டாவது இடத்தில் சங்கிலி முயற்சி செய்து சிரித்தார். அதற்கும் போன் வந்தது.

புதன்கிழமை, மன்னிப்புக் கேட்டுவிட்டு வருமாறு சங்கிலியை ஆனந்தமேரி அனுப்பினாள். "வீட்டுக்குள்ள கேக்காம வந்ததுக்கு மன்னிப்பு. அது மட்டும்தான். வேற ஒரு வார்த்தை வேணாம்." சங்கிலி சாத்துக்குடி வாங்கிக்கொண்டு போனார். தங்கமுத்து முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சங்கிலி கைகட்டிக்கொண்டு, மனதாரச் சொன்னார்.

"அவசரப்பட்டுட்டேங்கய்யா. மன்னிச்சுக்கங்க. அடுத்த தடவை சரியான நேரத்துக்கு வாரேன்."

சாத்துக்குடி ஒவ்வொன்றாகத் தெருவுக்கு வந்தது.

அன்றிலிருந்து தங்கமுத்து தினமும் கடைக்கு வர ஆரம்பித்தார். சங்கிலியை அனுப்பும்வரை கண்ணில் படும்படி உட்கார்ந்திருப்பது என்று முடிவு. ஆமாம், உட்கார்ந்தார், தடியோடு எத்தனை நேரம்தான் நிற்பது? பதினோரு மணிக்கு டீ, பன்னிரண்டுக்கு மோர். சும்மா இருக்க முடியாமல் சாமான்களைக் குறை சொல்லத் தொடங்கினார். ஜமுக்காளத்தில் ஓட்டை, கரண்டிக்குக் காம்பு நெளிவு. வியாழக்கிழமை பெட்டிக்கு வந்தார். தடியால் அதன் நீளத்தை அளந்தார்.

"இது பத்தாதும்மா. எனக்குக் காலு இடிக்கும்."

"இதுவரைக்கும் யாரும் குறை சொன்னதில்லைங்கய்யா" என்றாள் ஆனந்தமேரி.

"எப்படிச் சொல்லுவான்? திற, நான் படுத்துப் பாக்குறேன்."

"அது மட்டும் முடியாதுங்கய்யா."

"காசு குடுத்து எடுக்குறவன் பாத்துத்தான எடுப்பான்? செருப்பு வாங்குனாக் கூடப் போட்டுப் பாக்குறோமா இல்லையா?"

"நியாயம்தான். ஆனா கல்யாணத்துக்குச் சாமான் எடுக்க வந்தவுக உள்ள உட்காந்திருக்காக. நீங்க படுத்து எந்திரிச்சா அவுக எந்திரிச்சுப் போயிருவாக. மோர் குடிங்க, டேப் எடுத்து அளந்து சொல்றேன்." அவள் நிஜமாகவே டேப்பை எடுத்து, முதலில் பெட்டியையும் பிறகு பெரியவரையும் அளந்தாள். அளக்கும்போது அவர் விறைப்பாக நின்றார். நாலு விரல் இடம் மிச்சம் இருந்தது. அவருக்கு அதில் திருப்தி வந்தது போலத்தான் தெரிந்தது. "அகலம் எம்புட்டு?" என்றார்.

சனிக்கிழமை, வெயிலுக்காகக் கடை வாசலில் பந்தல் துணியைத் தலைகீழாகக் கட்டியிருப்பதாகத் தங்கமுத்து சங்கிலியைத் திட்டினார். சங்கிலி "ஆமாங்கய்யா" என்று அவிழ்த்துக் கட்டினார். "ஏலே, இன்னும் இறுக்கிக் கட்டு" என்று பெரியவர் தடியை ஆட்டினார். பார்க்கிறவர்களுக்கு அவர்தான் முதலாளி என்று தோன்றியிருக்கும். ஆனாலும் கிளம்பும்போது மறக்காமல் சொன்னார்: "திங்கக்கிழமை கல்யாணச் சாமான் லிஸ்ட்டோட எம்மகனும் நானும் வாரோம். அன்னைக்கு இவன் இங்க இருந்தா லிஸ்ட்டு வேற கடைக்குப் போகும்."

ஞாயிற்றுக்கிழமை சிவபிரகாஷிடமிருந்து போன் வரவில்லை. ஆனந்தமேரி பூசைக்குப் போய்விட்டு வந்து மூன்று முறை போனைப் பார்த்தாள்.

திங்கட்கிழமை இருவரும் வந்தார்கள். உள் அறையில் மூன்று நாற்காலி போட்டாள். சங்கிலி வெளியே குட்டியானையைத் துடைத்துக்கொண்டிருந்தது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. ஒரே கண்ணாடியை வெகு நேரமாகத் துடைத்துக்கொண்டிருந்தார். சிவபிரகாஷின் கையில் லிஸ்ட் நாலாக மடிந்திருந்தது. அவன் ஆனந்தமேரியைப் பார்க்கவில்லை.

"அவன் இன்னும் இருக்கானே" என்றார் தங்கமுத்து.

"இருப்பாருங்கய்யா."

"அப்ப லிஸ்ட்டு?"

"வேற கடையில எடுத்துக்கங்க. செம்பட்டி ரோட்டுல நல்ல கடை ஒண்ணு இருக்கு, நானே சொல்லிவிடுறேன். அண்டா எல்லாம் புதுசு. ஆனா எங்கண்ணன அனுப்ப மாட்டேன். அவரு பண்ணுன தப்புக்கு நான் தண்டனை குடுத்துட்டேன். இந்த மாசம் முடியிற வரைக்கும் அது இருக்கு. அதுக்கு மேல அவரு மேல தப்பு இல்ல."

"வீடு மாறி வந்தது தப்பில்லையா?"

சிவபிரகாஷ் லிஸ்ட்டை இன்னொரு மடிப்பு மடித்தான். அவனுக்குக் கொடுத்த வாக்கும் இருந்தது, ஜன்னலுக்கு வெளியே நின்ற மனிதரும் இருந்தார். எவ்வளவு சொல்லலாம் என்பதை ஆனந்தமேரி மனதுக்குள் அளந்தாள்.

"அவரு வீடு மாறி வரலைங்கய்யா. சந்துல நிப்பாட்டச் சொல்லி நான் அனுப்புனேன். சந்துல நிப்பாட்டாம உள்ள கொண்டாந்தாரு பாருங்க, அதுதான் தப்பு. இதுக்கு மேல நான் எதுவும் சொல்ல மாட்டேன். நீங்க எம்புட்டுச் சத்தம் போட்டாலும் சொல்ல மாட்டேன்."

தங்கமுத்து சத்தம் போடவில்லை. தடியை மடியில் வைத்துக்கொண்டு, "சந்துல" என்று ஒரு முறை சொல்லிப் பார்த்தார். அந்தச் சந்தில் அவர் வீட்டைத் தவிர வேறு வீடு கிடையாது. மறுபக்கம் பூராவும் ஸ்கூல் காம்பவுண்டுச் சுவர்.

பொன்னழகு மூன்று டம்ளரில் மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு, முகங்களைப் பார்த்துவிட்டு, ஓசைப்படாமல் போய்விட்டாள்.

"அவன் இருக்கட்டும்மா" என்றார் தங்கமுத்து கடைசியில். "கேட்டதுக்கு அவன் ஒருத்தன்தான் பதில் சொல்லியிருக்கான். லிஸ்ட்டக் குடுடா."

சிவபிரகாஷ் லிஸ்ட்டை நீட்டினான். அது விரல் அளவுக்கு மடிந்திருந்தது. பெரியவர் அதைப் பிரித்து, முழங்காலில் வைத்து நீவி, ஆனந்தமேரியிடம் கொடுத்தார். பிறகு மகனின் பக்கம் திரும்பினார். குரலில் கோபம் இல்லை. விலை விசாரிக்கிற மாதிரிதான் கேட்டார்.

"அன்னைக்குக் காலையில நீதான எனக்குக் கஞ்சி ஊட்டிவிட்ட. கண்ணு தொறக்கலைன்னாலும் கை யாருதுன்னு தெரியும். பெட்டி சொன்னது அதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

சிவபிரகாஷ் தன் மோர் டம்ளரை எடுத்து, குடிக்காமல் கீழே வைத்தான். ஆனந்தமேரி லிஸ்ட்டில் அண்டாக்களின் எண்ணிக்கையைப் படித்தாள். படித்ததையே மறுபடியும் படித்தாள்.

தங்கமுத்து மோர் டம்ளரை எடுத்து, நிதானமாக, முழுவதையும் குடித்தார். துண்டால் மீசையைத் துடைத்துக்கொண்டார். இன்னும் கொஞ்சம் காத்திருந்தார். பிறகு தடியை ஊன்றி எழுந்து, வழியில் கிடந்த அண்டாவைச் சுற்றிக்கொண்டு, அறையைவிட்டு வெளியே போனார்.